ஆச்சி வீட்டுக் காரின் பெட்ரோல் குழாய்

பெட்ரோல் வாடையை முதலில் கண்டுபிடித்தது நானல்ல, பின்சீட்டில் இருந்த டாக்டரம்மா. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற ரோட்டில் பாதி தூரம் வந்திருப்போம். "வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை வருதே, ஒங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். அந்தக் காரை ஓட்டி ஓட்டி எனக்கு அந்த வாடை பழகிப்போயிருந்தது. இருந்தாலும் நிறுத்திப் பானட்டைத் திறந்தேன். டாங்கியிலிருந்து கார்புரேட்டருக்கு வருகிற செப்புக் குழாய், இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வளைந்து போகும். அந்த வளைவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். பெட்ரோல் அதன் வழியாகக் கசிந்து சூடான இரும்பின் மேல் சொட்டி, சொட்டிய வேகத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

தீப்பிடிக்காமல் அவ்வளவு தூரம் வந்ததே பெரிது. டாக்டரம்மாவின் பையில் கை கழுவுகிற சோப்பு இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, ஒரு துண்டு பிய்த்துப் பிசைந்து விரிசலில் அப்பினேன். சோப்பைப் பெட்ரோல் கரைக்காது. டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம் அது. மேலே துணியைச் சுற்றிக் கட்டி, மெதுவாக ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா பார்க்கப் போன பிரசவம் நல்லபடியாக முடிந்தது. திரும்பும்போது டாக்டரம்மா, "மிச்ச சோப்பும் ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அது சண்டைக் காலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். பஸ்களெல்லாம் முதுகில் ஒரு பெரிய பீப்பாயைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் ஓடின. வாடகைக் கார்கள் பாதிக்கு மேல் கொட்டகைக்குள் போய்விட்டன. என் கார் வெளியே ஓடியதற்கு ஒரே காரணம், பெண்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கிராமத்துப் பிரசவங்களுக்குப் போவதற்கு அதை அமர்த்தியிருந்ததுதான். அதற்காகவே எனக்குக் கூப்பன் கிடைத்தது. வண்டி நாள்கணக்கில் படுத்துக்கொண்டால் கூப்பன் இன்னொருவருக்குப் போய்விடும். நானும் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கார் அமெரிக்காவில் செய்தது. கான்வாஸ் கூரை, மரத்தால் ஆன சக்கர ஆரங்கள், இரண்டு பக்கமும் ஏறி நிற்க நீளமான படி. ஒரு வக்கீல் வீட்டில் டிரைவராக இருந்தேன். அவர் புதுக் கார் வாங்கியபோது இந்தப் பழையதைக் கேட்க ஆள் இல்லை. என்னிடமே தள்ளிவிட்டார். எனக்கு அதன் மேல் பெரிய பாசம் என்று சொல்ல முடியாது. அதன் ஒவ்வொரு சத்தமும் எதனால் வருகிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

புதுக்கோட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருந்தார். என்னைவிட இளையவர். குழாயைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஈயம் வச்சுப் பத்தவச்சாப் போதும்ணே, ஒண்ணும் பெரிய வேலையில்லை" என்றார். பற்றவைத்தார். சில நாள் தாங்கியது. பிறகு ஈயத்தை ஒட்டினாற்போல் பக்கத்தில் புதிதாக ஒரு விரிசல் விட்டது. இஞ்சின் அதிர்ந்து அதிர்ந்து செப்பு இறுகிப்போயிருந்தது. ஓர் இடத்தை அடைத்தால் அடுத்த இடம் விட்டது.

அடுத்தபடியாக, விரிசல் விட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு நடுவில் ரப்பர் குழாயை மாட்டினோம். அதைச் சொன்னவன் நான். இரண்டு நாள் அருமையாக ஓடியது. மூன்றாம் நாள் வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் நடு ரோட்டில் நின்றுவிட்டது. ரப்பர் பெட்ரோலில் ஊறி, உள்பக்கம் கூழாகி, கறுப்புக் கறுப்பாகத் துணுக்குகள் கார்புரேட்டருக்குள் போய் அடைத்துக்கொண்டிருந்தன. வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வந்து தள்ளினார்கள். தள்ளினால் ஓடுகிற கோளாறு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தள்ளவிட்டேன். டாக்டரம்மா ஒரு மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டு, "நீங்க சரிபண்ணிக்கிட்டு வாங்க, நான் முன்னால போறேன்" என்று போய்விட்டார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு மெக்கானிக் ஓர் உடைந்த லாரியிலிருந்து குழாய் கொண்டுவந்தார். அது கனம். நட்டுக்குள் நுழையவே இல்லை. ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொன்று வந்தது. அது சன்னம். நுழைந்தது, ஆனால் ஆடியது. நட்டுக்குள் உட்கார்ந்து குழாயை இறுக்கிப் பிடிக்கிற சின்னப் பித்தளை வளையம் அதைப் பிடிக்கவில்லை. நூல் சுற்றி, சோப்பு தடவி மாட்டினார். சமதரையில் ஓடிய கார் மேட்டில் ஏறும்போது பெட்ரோல் போதாமல் மூச்சு வாங்கியது.

"நட்டையும் சேத்தே வேற போட்டுருவோம்ணே" என்றார். போட்டுப் பார்த்தோம். நட்டின் உள்ளே ஓடுகிற திருகு மரையில் இங்கிலீஷ்காரன் மரை ஒன்று, அமெரிக்காக்காரன் மரை ஒன்று. பார்வைக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். ரெண்டு சுற்று ஏறும், பிறகு நின்றுவிடும். பலவந்தமாகத் திருகினால் கார்புரேட்டர் வாயே கெட்டுப்போகும். அதைச் செய்யாமல் விட்டதுதான் அந்த மாதத்தில் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

திருச்சிக்கும் போனேன். கார் சாமான் கடையில், "சண்டை முடிஞ்சு கப்பல் வரட்டும், பாப்போம்" என்றார்கள். பழைய இரும்புக்காரர் ஒருவர் ஏதோ ஓர் அடுப்பிலிருந்து கழற்றிய பித்தளைக் குழாயை எடுத்துக் காட்டி, "இது எல்லா வண்டிக்கும் போகும்" என்றார். எல்லா வண்டிக்கும் போகிற சாமான் எந்த வண்டிக்கும் சரியாகப் போகாது என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. வெறுங்கையோடு ரயில் ஏறினேன்.

அதற்குப் பிறகுதான் மெக்கானிக்குக்கு ஞாபகம் வந்தது. "அரிமளத்துக்கு அங்கிட்டு ஒரு வீட்ல இதே வண்டி நிக்குதுண்ணே. சண்டை ஆரம்பிச்ச புதுசுல டயர் கழட்டி வைக்க என்னையத்தான் கூப்பிட்டாக. அவுக வீட்டுக்காரர் பர்மாவுல." முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே" என்றார்.

விரிசல் விட்ட குழாயின் நட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கரி பஸ்ஸில் போனேன். பெரிய வீடு. பக்கவாட்டில் ஓடு வேய்ந்த கொட்டகையில் கார் செங்கல்லின் மேல் நின்றது. மேலே தார்ப்பாய். அந்தப் பக்கத்தில் வீட்டுக்காரம்மாவை வயது பார்க்காமல் ஆச்சி என்பார்கள்; இந்த ஆச்சிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கதவைப் பாதி திறந்து நின்றுகொண்டு நான் சொன்னதைக் கேட்டார். உள்ளேயிருந்து அவருடைய மாமியார், பெரிய ஆச்சி, குரல் கொடுத்தார்: "கேக்குறவுகளுக்குக் குடுத்துவிடு ஆத்தா. எலி தின்னுட்டுப் போறதுக்கு யாருக்காச்சும் ஆகட்டும்."

"அதெப்படி அத்தை?" என்றார் ஆச்சி. பிறகு என் பக்கம் திரும்பி, "அவுக வந்ததும் முதல்ல இந்த வண்டியத்தான் பாப்பாக. அதுல ஒண்ணு இல்லைன்னா நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

"கழட்ட வேணாம் ஆச்சி. அளவு மட்டும் பாத்துக்கிட்டுப் போறேன்."

அதற்குச் சம்மதித்தார். தார்ப்பாயை விலக்கிப் பானட்டைத் தூக்கினேன். வண்டியை நிறுத்திப்போட்டபோது பெட்ரோலை வடிப்பதற்காக யாரோ கார்புரேட்டர் பக்கத்து நட்டைக் கழற்றிவிட்டுக் குழாயை அப்படியே விட்டிருந்தார்கள். அதன் திறந்த வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. என் நட்டை எடுத்து அந்தக் கார்புரேட்டரின் வாயில் வைத்துத் திருகினேன். விரலாலேயே ஏறியது. கடைசி மரை வரைக்கும் ஏறி, மெத்தென்று உட்கார்ந்தது. திரும்பக் கழற்றி, இன்னொரு தரம் ஏற்றினேன். தேவையில்லைதான். இத்தனை நாள் எதுவும் எதிலும் சேராமல் பார்த்துப் பார்த்து, ஒன்று சேர்ந்ததை இரண்டாம் தரம் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

ஆச்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். "அம்புட்டுச் சரியா இருக்கா?" என்றார்.

"ஆமா ஆச்சி."

வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஒங்க வண்டி டாக்டரம்மா வண்டின்னீங்களே, அது திருமயம் போகுமா?" என்று கேட்டார்.

அடிக்கடி போகும் என்றேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். பர்மாவில் கணவருடைய கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், நடந்தே ஊர் வந்து சேர்ந்து திருமயத்தில் இருக்கிறாராம். "ஆள் விட்டுக் கேட்டா, முதலாளி சொகமா இருக்காகன்னு மட்டும் சொல்லி அனுப்புறாரு. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு. நேர்ல போயிக் கேக்கணும். அத்தை விட மாட்டாக. டாக்டரம்மா கூடன்னா ஒடம்புக்குக் காட்டப் போறேன்னு சொல்லிக்குவேன்."

டாக்டரம்மாவைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன். "கேட்டுச் சொல்லுங்க. குழாயை இப்பவே கழட்டிக்குங்க" என்றார்.

டாங்கிப் பக்கத்து நட்டு துருவோடு ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெயும் அளந்து கிடைத்த காலம். இருந்தாலும் ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். செப்பு நசுங்காமல், வளைவு நிமிராமல் எடுக்க வேண்டும். நிமிர்த்தி மறுபடி வளைத்தால் அதுவும் விரியும். வெயில் சாயும் நேரத்துக்கு நட்டு அசைந்தது. ஆளுயரத்துக்கு மேல் நீளமான அந்தக் குழாயை ஆச்சி ஒரு பழைய சேலையில் சுற்றிக் கொடுத்தார். அதை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மேட்டில் பஸ் நின்று, எல்லோரும் இறங்கி, கரியைக் கிளறிவிடும் வரைக்கும் ரோட்டோரம் நின்றோம். "என்ன, நாதஸ்வரமா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மெக்கானிக் குளவி மண்ணைக் குத்தி எடுத்து, கம்பி விட்டுத் துடைத்து, பெட்ரோல் ஊற்றிக் கழுவினார். மாட்டியபோது ஒவ்வொரு வளைவும் சட்டத்தில் அதற்கான இடத்தில் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். மூச்சு வாங்கவில்லை.

டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். "திருமயம் போற அன்னைக்கு அந்த வழியாப் போயி ஏத்திக்குவோம். எனக்கும் பேச்சுத்துணை" என்றார். அப்படியே போனோம். ஆச்சி பின்சீட்டில் டாக்டரம்மா பக்கத்தில் இருந்தார். டாக்டரம்மா கேட்ட பேச்சுத்துணைதான் கிடைக்கவில்லை.

கணக்கர் வீடு கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில். டாக்டரம்மாவைப் பிரசவ வீட்டில் இறக்கிவிட்டு ஆச்சியை அங்கே கூட்டிப்போனேன். வாசலிலேயே நின்றுகொள்கிறேன் என்றதற்கு, "இல்லை, நீங்க உள்ள வந்து இருங்க. நான் கேட்டது சரிதானான்னு பின்னால எனக்கே சந்தேகம் வந்தா, கேட்டவுக இன்னொருத்தர் வேணும்" என்றார். அதனால் நடையில் நின்றேன்.

கணக்கர் கட்டிலில் படுத்திருந்தார். கால் இரண்டும் புண் ஆறித் தழும்பாகியிருந்தன. ஆச்சியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "படுத்தே இருங்க" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார் ஆச்சி.

"முதலாளி சொகமா இருக்காக ஆச்சி."

"அது தெரியும். ஏன் வரலை?"

கணக்கர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். ரங்கூனில் குண்டு விழுந்ததும் இரண்டு பேரும் சேர்ந்துதான் புறப்பட்டார்களாம். வடக்கே ஓர் ஊர் வரைக்கும் லாரியில் வந்தார்களாம். அங்கிருந்து நடக்க வேண்டும் என்று தெரிந்ததும் முதலாளி திரும்பிவிட்டார். "ஊர்ல சொல்ல வேணாம்னாக."

"என்னத்தைச் சொல்ல வேணாம்னாக?"

"அங்க ஒரு குடும்பம் இருக்கு ஆச்சி. ரொம்ப வருஷமா. பர்மாக்காரப் பொண்ணு. ஒரு பிள்ளையும் இருக்கு."

கணக்கருடைய மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிற்பதா போவதா என்று தெரியாமல் கதவோரம் நின்றாள்.

"ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?" என்று ஆச்சி கேட்டார்.

"பொம்பளப் பிள்ளை. நாலு வயசு இருக்கும்."

"நடக்கிற வழி ரொம்ப மோசமா?"

"பெரியவுகளே விழுந்து கெடந்தாக ஆச்சி."

"அப்ப அந்தப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்திருக்க முடியாதுதான்" என்றார் ஆச்சி. தண்ணீரைக் குடித்தார். எழுந்து வெளியே வந்தார்.

காரில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்த மறந்துவிட்டார். நான் இறங்கிச் சாத்தினேன். பிரசவ வீட்டில் ஏறிக்கொண்ட டாக்டரம்மா, திரும்பும் வழியில் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாடி பார்க்கிற மாதிரிதான் பிடித்திருந்தார். ஆனால் கடைசி வரைக்கும் விடவில்லை. வீட்டு வாசலில் பெரிய ஆச்சி காத்துக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா என்ன சொன்னாக?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைன்னாக அத்தை" என்றார் ஆச்சி.

அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைக்கு நான் பல தடவை போக வேண்டியிருந்தது. என் வண்டியில் ஒன்று போனால் அந்த வண்டியில் அது இருந்தது. பழைய காருக்கு உடன்பிறப்பு கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம். ரேடியேட்டர், இஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற மேக்னெட்டோ, ஹாரன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "எடுத்துக்குங்க" என்பார். முதல் நாள் ஒரு குழாய்க்கு அவ்வளவு யோசித்தவர், பிறகு எதற்கும் யோசிக்கவில்லை. விலை பேசப் போனால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். ஒரு தடவை மட்டும், "பாதிக்கு மேல இங்கிட்டு இருந்து அங்கிட்டுப் போயிருச்சு போல. இப்ப எது யாரு வண்டி?" என்று கேட்டுச் சிரித்தார். கோபமா கேலியா என்று எனக்குப் புரியவில்லை. நானும் சிரித்துவைத்தேன்.

சண்டை முடிந்து கப்பல்கள் ஓட ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் காலையில் ஆச்சி மாட்டு வண்டி கட்டிக்கொண்டு புதுக்கோட்டையில் என் வீட்டுக்கே வந்தார். கணவர் மெட்ராசில் வந்து இறங்கித் தந்தி அடித்திருந்தார். ரயிலில் வருகிறார், கூடப் பிள்ளையும் வருகிறது. அதன் தாய் இறந்துவிட்டாள். "ஸ்டேஷனுக்கு நீங்கதான் வரணும். வேற வண்டி வேணாம்" என்றார். பெரிய ஆச்சிக்குத் தெரியுமா என்று கேட்டேன். "மகன் வாராருன்னு தெரியும். மிச்சத்தைக் கண்ணால பாத்துக்கிருவாக."

ரயிலிலிருந்து இறங்கியவர் மெலிந்து, தலை நரைத்து இருந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. பின்னால் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை, ஆளுக்குப் பெரிதான கவுனோடு. அவர் ஆச்சியைப் பார்த்து, "சொகமா?" என்றார். "சொகம்" என்றார் ஆச்சி. அவ்வளவுதான் பேசினார்கள். வெளியே வந்து காரைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

"நம்ம வண்டி மாதிரியே இருக்கே."

"நம்மளதும் இதுல இருக்கு" என்றார் ஆச்சி. அவர் முன்சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். குழந்தையும் ஆச்சியும் பின்னால்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் குழந்தைக்குக் குமட்டியது. வண்டியை ஓரம் கட்டினேன். அவர் இறங்கவில்லை. "கப்பல்லயும் இப்படித்தான். தானாச் சரியாயிரும்" என்று முன்னால் பார்த்தபடியே சொன்னார். ஆச்சி குழந்தையை இறக்கி, ரோட்டோரத்தில் குனியவைத்து நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அது ஆச்சியின் சேலையிலும் கொஞ்சம் வாந்தி எடுத்தது. ரேடியேட்டருக்கு ஊற்றுவதற்காக ஒரு தகர டின்னில் எப்போதும் தண்ணீர் வைத்திருப்பேன். அதைக் கொண்டுபோய் ஊற்றினேன். ஆச்சி முதலில் குழந்தையின் முகத்தைக் கழுவினார், பிறகு தன் சேலையை.

"ஒம் பேரென்ன?" என்று கேட்டார். குழந்தை சொன்ன பேர் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. ஆச்சி அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். இரண்டு தரமும் தப்பாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், குழந்தை தலையை ஆட்டியது. மூன்றாம் தரம் சரியாக வந்துவிட்டது போலிருக்கிறது. வண்டியில் ஏறும்போது அது ஆச்சியின் ஈரச் சேலையைப் பிடித்துக்கொண்டது.

வீட்டு வாசலில் அவர்களை இறக்கிவிட்டேன். ஆச்சி குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனார். உள்ளே பெரிய ஆச்சியின் குரல் கேட்டது, என்ன சொன்னார் என்று தெரியவில்லை. சாயங்காலம் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு திருமயம் போக வேண்டியிருந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பினேன்.